அப்பத்தா கையில் இருந்த பச்சைக் கோலம்: டாட்டூ கலைஞரிடம் எப்படிச் சொல்லி வரையவைப்பது?

பொட்டல்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பத்தா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் இடது முன்கையின் உள்பக்கம் ஒரு சிக்குக் கோலம் பச்சை குத்தியிருந்தது. பன்னிரண்டு வயதில், ஊருக்கு வந்த பச்சை குத்தும் குறவர் அம்மாவிடம் ஒரு படி கேழ்வரகு கொடுத்துக் குத்திக்கொண்டதாகச் சொல்வார். அகத்திக்கீரையையும் மஞ்சளையும் துணியில் வைத்துத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் விட்டு எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்தினார்களாம். சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தக் கோலத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, பத்திரத்தில் எல்லாம் கைநாட்டுதான். அவர் பெயரைச் சொல்ல என்னிடம் ஒரு கையெழுத்துகூட இல்லை. அந்தக் கோலம் ஒன்றுதான் இருக்கிறது.

அதை என் கையில் குத்திக்கொள்ள வேண்டும். மதுரையில் ஒரு கலைஞரிடம் பேசி 2000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கொடுத்த படம் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் எடுத்தது, தோல் சுருங்கி, கோடெல்லாம் பரவி, ஒரு ஓரத்தில் ட்ரிப்ஸ் பிளாஸ்திரி மறைத்திருக்கும். நேற்று அவர் முதல் ஸ்கெட்ச் அனுப்பினார். அழகாக இருக்கிறது. சுற்றிலும் தாமரை இதழ், நடுவில் கோலம், ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக நிழல். ஆனால் அது அப்பத்தா கை இல்லை. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு மெனக்கெட்டு வரைந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இன்னொன்று, நான் 2 இன்ச் போதும் என்றேன். அவர் 3 இன்ச்சுக்குக் குறைந்தால் செய்ய மாட்டேன் என்கிறார். காசுக்காகச் சொல்கிறாரா? அப்பத்தா கோலம் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இருந்தது. அதே நிறத்துக்குப் பச்சை மை கேட்கலாமா?

ஊசிநூல் எழுதியது:

சகோதரி, நான் கோயம்புத்தூரில் 11 வருடமாக டாட்டூ போடுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் ஸ்கெட்ச் அனுப்புவதே நீங்கள் மாற்றம் சொல்வதற்குத்தான். அதைக் கேட்டு எந்த நல்ல கலைஞரும் முகம் சுளிக்க மாட்டார். காகிதத்தில் இருக்கும்போது சொல்லாமல், தோலில் ஏறிய பிறகு வருத்தப்படுகிறவர்களைத்தான் எங்களால் தாங்க முடியாது. இரண்டு மூன்று முறை திருத்துவது பெரும்பாலும் பேசிய தொகைக்குள்ளேயே வரும். அதற்கு மேல் போனால் வரைவதற்குத் தனியாகக் கேட்பார்கள். அதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "என்னவோ குறைகிறது" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. எதையோ சேர்க்கச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் நாலு இதழ் போட்டுவிடுவோம். ஸ்கெட்ச்சை பிரிண்ட் எடுத்து, வேண்டாததைச் சிவப்பு மையில் அடியுங்கள். மாறவே கூடாதது எது, அவர் விருப்பத்துக்கு விடுவது எது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே எங்களுக்கு எழுதினீர்களே, மடியில் படுத்து விரல் ஓட்டியது, கைநாட்டு, அதை அவரிடம் சொன்னீர்களா? "பழைய பச்சை டிசைன் ஒன்று" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் அலங்காரம் பண்ணத்தான் பார்ப்பார்.

அளவு விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி. மேல்தோல் உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். அதனால் மையை அதற்கும் கீழே, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் விடுகிறோம். அங்கே போன மை வருடக்கணக்கில் மெதுவாகப் பக்கவாட்டில் பரவும், கோடு தடிக்கும். சிக்குக் கோலத்தில் இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் கோலம். அது அடைபட்டால் பத்து வருடத்தில் கரும்புள்ளிதான் மிஞ்சும். நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு கோடு அகலத்துக்காவது வெறும் தோல் இருக்க வேண்டும். இரண்டு அளவிலும் பிரிண்ட் எடுத்துக் கையில் ஒட்டி, கையை நீட்டிப் பாருங்கள். உங்களுக்கே தெரிந்துவிடும்.

பச்சை மை கேட்காதீர்கள். அப்பத்தா கையில் இருந்ததும் கருப்புக் கரிதான். தோலுக்கு அடியில் இருக்கும் கரியை மேல்தோல் வழியாகப் பார்க்கும்போது ஒளி சிதறி நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. அதனால்தானே நாம் பச்சை குத்துவது என்றே சொல்கிறோம். நல்ல கருப்பு மையில் குத்துங்கள், காலம் போகப் போக அந்தச் சாயல் தானாக வரும். நம் தோல் நிறத்தில் நீண்ட நாள் நிற்பதும் கருப்புதான். வெளிர் நிறங்கள் சீக்கிரம் மங்கிவிடும்.

மெய்யெழுத்து எழுதியது:

நான் பட்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். மூன்று வருடம் முன்பு அம்மா பெயரைத் தமிழில் மணிக்கட்டில் போட்டுக்கொண்டேன். கடை பெயர் வேண்டாம். பொன்னம்மாள் என்பதைக் கணினியில் தட்டி எழுத்துருவை மாற்றினார்கள். மாற்றியதும் 'பொ'வில் இருக்கும் கொம்பு இடம் மாறிப் பகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பட மென்பொருள் பலவற்றில் இந்திய மொழி எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாக மாற்றி வைக்காவிட்டால் கொம்பு, கால் எல்லாம் இப்படிச் சிதறும். வரைந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி எடுக்கும் ஊதா அச்சு) ஒட்டியதும் "சரியா பாருங்க" என்றார். நான் தலைகீழாகப் பார்த்துவிட்டு, அழகா இருக்கு என்று தலையாட்டினேன். ஐந்து நிமிடம் நிதானமாகப் படித்திருந்தால் போதும். மறுநாள் அம்மாதான் கண்டுபிடித்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரு இது இல்லையேப்பா" என்றார்.

எழுத்து போடுகிறவர்கள் கையால் எழுதியோ, சரியாகத் தெரிகிற படமாகவோ கொண்டுபோங்கள். தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். ஸ்டென்சில் ஏறியதும் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். 'ன்' மேல் புள்ளி இருக்கிறதா, 'ண'வுக்கு மூன்று சுழி இருக்கிறதா என்று பாருங்கள். கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள். பொட்டல்காடு, உங்களுக்கு எழுத்து இல்லை. ஆனாலும் ஸ்டென்சில் பார்க்கிற அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

சிக்குக்கோலம் எழுதியது:

கண்ணு, நான் கும்பகோணம் பக்கம். ஐம்பது வருடமாக வாசலில் கோலம் போடுகிறேன். டாட்டூ பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உன் படத்தில் கோடு பரவியிருக்கிறது என்றாயே, அதற்கு வழி இருக்கிறது.

முதலில் கோட்டைப் பார்க்காதே, புள்ளியை எண்ணு. எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் இழை என்ன செய்கிறது என்று பார். ஒன்று, இரண்டு இழையும் அங்கே ஒன்றையொன்று வெட்டிப் போகும். இல்லையென்றால் வெட்டாமல் திரும்பிவிடும். எது தெரியவில்லையோ அந்த இடத்தில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். விரலை ஓரிடத்தில் வைத்து இழையோடு போய்க்கொண்டே இரு. முழுக் கோலத்தையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நின்றால் ஒரே இழை. பாதியிலேயே வந்து நின்றுவிட்டால் இழை இரண்டு, மூன்று என்று இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் பச்சை குத்துகிற அம்மா ஊருக்கு வந்தால் ஒரு பெண்ணுக்கு மட்டும் குத்திவிட்டுப் போக மாட்டார். தெருவில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கையை நீட்டுவோம். என் அக்கா கையிலும் எதிர்வீட்டு மதினி கையிலும் ஒரே தேள்தான். உன் அப்பத்தா வயதுக்காரர் யாராவது ஊரில் இருந்தால் போய்க் கையைப் பார்.

ஊசிநூல் எழுதியது:

அம்மா, 11 வருடத்தில் இந்த யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை. பொட்டல்காடு, போனால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வளைந்த கையைப் படம் எடுத்தால் ஓரங்கள் சுருங்கித் தெரியும். பட்டர் பேப்பரைக் கையைச் சுற்றி ஒட்டவைத்து, அதன் மேல் பேனாவால் நகல் எடுங்கள். அதுதான் உண்மையான அளவு.

பொட்டல்காடு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மானாமதுரை பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

மேலத்தெருவில் அப்பத்தாவின் சேக்காளி ஒருவர் இருக்கிறார். வயது 84. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேசவே இல்லை, ரப்பர் வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக் கையை என் மடியில் வைத்தார். அதே கோலம்! அதே இடம், அதே கை. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குத்திக்கொண்டார்களாம். என் அப்பத்தாதான் அதிகமாகக் கத்தியது என்றும் சொன்னார்.

பட்டர் பேப்பர் வைத்து வரைய ஒரு மணி நேரம் ஆனது. தோல் நகர்ந்துகொண்டே இருக்கும், தம்பி இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டான். 1, 3, 5, 3, 1 என்று மொத்தம் 13 புள்ளி. என் படத்தில் 12தான் எண்ண முடிந்தது. ஒன்று பிளாஸ்திரிக்கு அடியில் போயிருக்கிறது. வரைந்து முடித்ததும் அந்த ஆத்தா தன் கையில் விரலை வைத்து ஓட்டிக் காட்டினார். "எங்க ஆரம்பிச்சாலும் சுத்திட்டு அங்கனயே வந்து நிக்கும் பாரு" என்றார்.

சிக்குக்கோலம் அம்மா, இங்கேதான் எனக்குக் குழப்பம். இதைக் கலைஞருக்கு அனுப்பினேன். இதழ், நிழல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்து அனுப்பினார். மிகச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் விரலை ஓட்டினால் பாதியிலேயே வந்து நின்றுவிடுகிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். எங்கே மாறியது என்று தெரியவில்லை. நகல், ஸ்கெட்ச் இரண்டின் படத்தையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சிக்குக்கோலம் எழுதியது:

இரண்டையும் தாளில் போட்டுப் பார்த்தேன் கண்ணு. உன் நகலில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஓரிடத்தைத் தவிர. நடு வரிசையில் நடுப்புள்ளிக்கும் அதற்கு இடப்பக்கம் இருக்கும் புள்ளிக்கும் நடுவில் இழை வெட்டாமல் திரும்புகிறது. வலப்பக்கம் அதே இடத்தில் வெட்டிப் போகிறது. ஸ்கெட்ச் வரைந்த கலைஞர் இடப்பக்கத்தையும் வலப்பக்கம் மாதிரியே ஆக்கிவிட்டார். அதனால் கோலம் இரண்டு இழையாகப் பிரிந்துவிட்டது. அந்த ஒரு திருப்பம்தான் இரண்டையும் சேர்த்து ஒரே இழையாக வைத்திருக்கிறது. குத்திய அம்மா கை தவறிப் போட்டது இல்லை அது. இரண்டு பேர் கையிலும் அதே இடத்தில் இருக்கிறதே. கணக்குத் தெரிந்த கை.

ஊசிநூல் எழுதியது:

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. நாங்கள் டேப்லெட்டில் வரையும்போது பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாக எடுத்துக்கொள்ளும் வசதியைப் போட்டுவிடுவோம். மண்டலா மாதிரியான டிசைனுக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அவருக்கு அந்த ஒரு திருப்பம் பிழையாகத் தெரிந்திருக்கும், உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தே சரி பண்ணியிருப்பார். அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்த இடத்தை வட்டமிட்டு, இழை ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் விரலை ஓட்டிக் காட்டுங்கள். கண்ணாடி பிம்பம் வேண்டாம், நகலின் மேலேயே வரைந்தால் போதும் என்று கேளுங்கள். கை நடுக்கத்தில் வந்த கோணலை மட்டும் அவர் நேராக்கிக்கொள்ளட்டும்.

முக்கியமான ஒன்று. முன்கை திரும்பும்போது தோலும் கூடவே முறுகும். உள்ளங்கையை மேலே திருப்பி மேசையில் வைத்து ஸ்டென்சில் ஒட்டினால், எழுந்து நின்று கையைத் தொங்கவிடும்போது கோலம் சாய்ந்து போகும். நேராக நின்று, கையைச் சாதாரணமாகத் தொங்கவிட்ட நிலையில் ஒட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். நாலு தடவை ஒட்டினாலும் பரவாயில்லை. ஒட்டிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டால்தான் வேலையின் நடுவில் அழியாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் வரைந்து கொடுத்த ஸ்கெட்ச்சை எடுத்துக்கொண்டு குறைந்த விலைக்கு வேறு கடைக்குப் போகாதீர்கள். அந்த அட்வான்ஸ் அவர் ராத்திரி உட்கார்ந்து வரைந்ததற்கான கூலி. வேண்டாம் என்றால் அட்வான்ஸை விட்டுவிட்டு வாருங்கள், வரைந்ததையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

காக்கிக்கனவு எழுதியது:

அக்கா, உங்கள் தம்பியும் போட்டுக்கொள்வாரா? போலீஸ், ராணுவம் என்று ஏதாவது எழுதுகிறவராக இருந்தால் முதலில் அறிவிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும் புறங்கையும்தான் அனுமதி. மத்திய ஆயுதப் படைத் தேர்வுகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கமும் புறங்கையும்தான், அதுவும் அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். என் நண்பன் ஒருவன் வலது கையில் போட்டுவிட்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்தான்.

பொட்டல்காடு எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி. அவன் எஸ்எஸ்சி (மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம்) தேர்வு எழுதுகிறான். முடிவு வரட்டும், அதுவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வார்டுநம்பர்7 எழுதியது:

தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். மையைப் புட்டியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றித்தான் தொட வேண்டும். மிச்சமானதை மறுபடி புட்டியில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அடிபட்ட இடமெல்லாம் தழும்பு மேடாகப் புடைக்கும் உடம்பு என்றால், சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

குத்திய பிறகு மஞ்சளும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் அன்போடு தடவ வருவார்கள், அன்போடு தடுத்துவிடுங்கள். அது திறந்த புண். வாசனை இல்லாத சோப்பு போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, கலைஞர் சொல்லும் களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். இரண்டு மூன்று வாரம் குளம், கிணறு, நீச்சல்குளம் எதிலும் இறங்கக் கூடாது. ரத்ததானம் செய்கிறவர் என்றால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

பொட்டல்காடு எழுதியது:

முடிந்துவிட்டது. இன்றோடு ஆறு வாரம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று புண் ஆறும்வரை காத்திருந்தேன்.

நேரில் போய் விரலை ஓட்டிக் காட்டினேன். கலைஞர் முதலில், "அது பிழை என்று நினைத்தேன்" என்றார். அப்புறம் மேலத்தெரு ஆத்தா கையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் ஸ்கெட்ச்சை அழித்துவிட்டு, நகலை விளக்குப் பலகையில் வைத்து என் எதிரிலேயே வரைந்தார். தடிமன் மட்டும் அவர் முடிவு. மெல்லிய 3 ஊசி லைனரில் (கோடு போடும் ஊசிக் கட்டு) போட்டால் நவநாகரிகமாகத் தெரியும், பழைய பச்சையின் கனம் வராது என்று 7 ஊசி லைனர் எடுத்தார். அந்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. நானாக இருந்தால் மெல்லிசாகத்தான் கேட்டிருப்பேன். அளவு 3 இன்ச்தான்.

ஸ்டென்சில் மூன்று முறை ஒட்டினோம். முதல் முறை மணிக்கட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. இரண்டாவது முறை நிற்கும்போது சாய்ந்தது. மூன்றாவதை ஒட்டிக் காயவைத்த பிறகு, நான் கேட்காமலேயே அவர் மூடிய பேனாவின் முனையை ஊதாக் கோட்டின் மேல் வைத்து, தோலில் படாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். கடையில் பாட்டை நிறுத்தச் சொன்னார். சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் பேனா நின்றதும் "போலாமா?" என்றார். அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

குத்த இரண்டரை மணி நேரம். மணிக்கட்டுப் பக்கம் நன்றாகவே வலித்தது, கத்தவில்லை. புள்ளிகள் 13ஐயும் கடைசியில் மெஷின் இல்லாமல் ஊசியைக் கையில் பிடித்தே வைத்தார். அது அவர் யோசனை.

போன ஞாயிறு ஊருக்குப் போனேன். ஆத்தா என் கையை வாங்கித் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாது, விரலால்தான் பார்த்தார். என் தோலில் மேடு ஒன்றும் இல்லை, அவருக்கு இழை தட்டுப்பட்டிருக்காது. ஆனாலும் விரல் சரியாகவே சுற்றி வந்தது.

கரிசல்மண் எழுதியது:

படிக்கும்போதே கை சிலிர்க்கிறது. ஒரு சந்தேகம், எனக்குப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. பொக்கு உதிர்கிறது, அரிப்பு தாங்கவில்லை. கோடு அங்கங்கே வெளுத்தும் தெரிகிறது. மை போகிறதா?

ஊசிநூல் எழுதியது:

சொறியாதீர்கள், பொக்கைப் பிய்க்காதீர்கள். அரித்தால் உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். உதிர்கிற நாளில் எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும். ஒரு மாதம் ஆன பிறகும் விட்டுப்போன இடம் இருந்தால் டச்சப்புக்குப் போங்கள். சீழ், சூடு, பரவும் சிவப்பு இருந்தால் மட்டும் எங்களிடம் வராமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

சிக்குக்கோலம் எழுதியது:

கண்ணு, ஒரே ஒரு ஆசை. மார்கழி முதல் நாள் உன் அப்பத்தா கோலத்தை என் வாசலில் போடட்டுமா?

பொட்டல்காடு எழுதியது:

போடுங்கள் அம்மா, எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். நகலை இங்கேயே ஏற்றிவிட்டேன். நடு வரிசை, நடுப்புள்ளிக்கு இடப்பக்கம், அங்கே மட்டும் வெட்டாமல் திரும்புங்கள்.